பதில் சொல்லும் கூடாரம்

தஞ்சாவூர்
4 டிசம்பர் 2025

அன்பு ஜெனிக்கு அண்ணி எழுதுவது,

கர்த்தர் தயவில் உன் அண்ணனும் நானும் சௌக்கியம். மழைதான் இந்த வருஷம் கொஞ்சம் அதிகப்பிரசங்கித்தனம் செய்கிறது. வயலில் நின்ற தண்ணீர் வடிந்துவிட்டது, சம்பாவுக்கு ஒன்றும் ஆகவில்லை என்று உன் அண்ணன் தினமும் காலையில் சொல்கிறார். எனக்குச் சொல்கிறாரா தனக்கே சொல்லிக்கொள்கிறாரா என்று தெரியவில்லை.

கையால் எழுதிப் படம் பிடித்து அனுப்புங்கள் என்று நீ கேட்டது நல்ல யோசனை. கம்ப்யூட்டரில் அடிக்க உட்கார்ந்தால் எனக்குச் சுற்றறிக்கை நடைதான் வருகிறது. நீயும் அப்படியே எழுது. உன் எழுத்து இன்னும் வலது பக்கம் சரிகிறதா என்று பார்க்க வேண்டும்.

உன் செய்தியைப் படித்ததிலிருந்து வீடு வேறு மாதிரி இருக்கிறது. ஹாம்பர்க்கில் உட்கார்ந்துகொண்டு ஊர் ஊராக அறிவியல் விழா நடத்தும் உங்கள் நிறுவனம், வருங்கால விழா எப்படி இருக்கும் என்று சோதித்துப் பார்க்கத் தஞ்சாவூரைத் தேர்ந்தெடுக்கிறது. அது தேறினால் நீ இங்கேயே இரண்டு வருஷம் இருப்பாய். உன் அண்ணன் இரண்டாவது வரியை மட்டும்தான் படித்தார். மாடி அறைக்கு வெள்ளையடிக்க ஆள் வந்துவிட்டது. “மொதல்ல முடிவாகட்டும்ங்க” என்றேன். “அவ வர்றான்னா வர்றா. நீ இயற்பியல் பேசாத” என்றார்.

நான் இயற்பியல் நடத்தும் கல்லூரியின் அறிவியல் விழாவைப் பற்றி நீ கேட்டிருக்கிறாய். ஒளிக்காமல் சொல்கிறேன். பிப்ரவரியில் மைதானத்தில் பந்தல். தெர்மாகோல் எரிமலை, தெர்மாகோல் சூரியக் குடும்பம். பள்ளிக்கூடப் பேருந்துகள் வரும், பிள்ளைகள் வரிசையாக நடந்து வரிசையாகத் திரும்புவார்கள். மேடையில் பொன்னாடை போர்த்தவே பாதிக் காலை போய்விடும். சுற்றுவட்டாரத்து ஜனங்களில் தானாக உள்ளே வருவது சுண்டல் விற்பவர் ஒருவர்தான். போன வருஷம் எரிமலைக்கு முன்னால் நின்ற ஒரு பெண்ணிடம், “உனக்கு என்னம்மா தெரிஞ்சுக்கணும்?” என்று கேட்டேன். “மிஸ், பஸ் எத்தனை மணிக்கு?” என்றாள்.

அதனால் மாற வேண்டும் என்பதில் எனக்கு உன்னோடு சண்டை இல்லை. கேள்வி எதுவானாலும் தமிழில் பதில் சொல்லும் இயந்திரத்தோடு ஒரு கூடாரம் என்கிறாயே, அதுதான் மாற்றமா என்று மட்டும் மனசு தயங்குகிறது. ஆனாலும் கல்லூரி தரப்பில் நான் கையெழுத்துப் போட்டுவிட்டேன். பெட்டிகளை அனுப்பு.

பனியில் காதை மூடிக்கொண்டு போ.

அன்புடன்,
ஃபெபி அண்ணி


ஹாம்பர்க்
11 டிசம்பர் 2025

அன்புள்ள அண்ணி,

என் எழுத்து இன்னும் சரியத்தான் செய்கிறது, பாருங்கள். ‘ற’ எழுதும்போது கை ஒரு நொடி நின்றது. பயந்துவிட்டேன்.

உங்கள் தயக்கம் எனக்குப் புரிகிறது. இங்கேயும் நாங்கள் பல வேஷம் போட்டுப் பார்த்துவிட்டோம். முதலில் விஞ்ஞானி மேடையில் பேசுவார், ஜனங்கள் கைதட்டுவார்கள். பிறகு எல்லாவற்றையும் தொட்டுப் பார்க்கலாம், பொத்தானை அமுக்கலாம் என்று வைத்தோம். குழந்தைகள் அமுக்கினார்கள், பெரியவர்கள் காப்பி குடித்தார்கள். கொஞ்ச காலமாக விஞ்ஞானியை மதுக்கடையில் உட்கார வைத்துப் பேச வைக்கிறோம். அங்கேயும் வருகிறவர்கள் ஏற்கெனவே படித்தவர்கள், ஏற்கெனவே ஆர்வம் உள்ளவர்கள். ஒவ்வொரு விழா முடிந்ததும் எத்தனை பேர் வந்தார்கள் என்று எழுதுகிறோம். அவர்கள் போன பிறகு என்ன மிஞ்சியது என்று எழுத எங்கள் படிவத்தில் கட்டமே கிடையாது.

கூடாரம் அதற்கான முயற்சிதான். கூச்சப்படுகிற ஆள், எழுதப் படிக்கத் தெரியாத ஆள், ‘இதைக் கேட்டால் சிரிப்பார்களோ’ என்று நினைக்கிற ஆள், உள்ளே போய்த் தனியாக, தன் பேச்சில் கேட்கலாம். அது சிரிக்காது. ஒவ்வொரு கேள்வியும் பதிவாகும். அந்தக் கேள்விகளை வைத்து அடுத்த விழாவை அமைக்கலாம். அதனால் அண்ணி, உங்கள் மாணவிகளை மட்டும் அனுப்பிவிடாதீர்கள். ஊர்க்காரர்கள் வர வேண்டும்.

பிப்ரவரி கடைசியில் நிர்வாகக் குழு கூடுகிறது. தஞ்சாவூரில் பதிவாகும் கேள்விகளைப் பார்த்துத்தான் முடிவு செய்வார்கள். சரி என்றால் ஏப்ரலில் அங்கே இருப்பேன். இல்லை என்றால் இங்கே இன்னொரு ஐந்து வருஷ ஒப்பந்தம் மேசையில் இருக்கிறது. நல்ல ஒப்பந்தம்தான். போன ஞாயிறு ஆராதனை முடிந்து வெளியே வந்து, யாரோடும் பேச வேண்டிய அவசியம் இல்லாமல் நேராக ரயில் ஏறி வீட்டுக்கு வந்தேன். ஏறிய பிறகுதான், நாளைக் காலை அலுவலகம் போகிறவரை வாயைத் திறக்க வேண்டியதே இல்லை என்று தோன்றியது. அண்ணனிடம் இதைச் சொல்ல வேண்டாம்.

மாடி அறைக்கு வெள்ளை மட்டும் போதும். அண்ணன் பச்சை வாங்கிவிடுவார், பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள்
ஜெனி


தஞ்சாவூர்
22 ஜனவரி 2026

அன்பு ஜெனிக்கு,

பொங்கல் நல்லபடியாக முடிந்தது. உன் அண்ணன் பச்சைதான் வாங்கினார். பிஸ்தா பச்சையாம்.

உங்கள் குழுக் கூட்டத்துக்காக விழாவை ஜனவரிக்கே இழுத்து, நேற்று உன் கூடாரம் திறந்தாயிற்று. சென்னையிலிருந்து வந்த உங்கள் பொறியாளர்கள் மைதானத்தில் அதை ஊதி எழுப்பியபோது, வெள்ளையாக, உருண்டையாக, பெரிய இட்லி ஒன்று இறங்கிய மாதிரி இருந்தது. எங்கள் துறைத்தலைவர் இராஜாங்கம் சாருக்குத் தலைகால் புரியவில்லை. இந்த ஏப்ரலில் ஓய்வு பெறப் போகிறவர், கடைசி விழா தன் பேர் சொல்ல வேண்டும் என்று ஓடினார். குத்துவிளக்கு ஏற்றி, வரவேற்புரை முடிந்து, பிரமுகருக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். கையில் ஒன்று மிஞ்சியது. சார் நேராக உள்ளே போய் இயந்திரத்தின் தூணுக்குப் போர்த்திவிட்டார். ஒலிவாங்கி அதற்குள் மாட்டிக்கொண்டது. முதல் கேள்விக்கு அது, “மன்னிக்கவும், நீங்கள் தொலைவில் இருந்து பேசுகிறீர்கள்” என்றது.

ஆனால் பிறகு நடந்ததை நான் எதிர்பார்க்கவே இல்லை. சுய உதவிக் குழுப் பெண்கள் வேனில் வந்தார்கள். விவசாயிகள் வந்தார்கள். வரிசை மைதானத்தைச் சுற்றி நின்றது. நிலா ஏன் கீழே விழவில்லை என்று ஒரு அம்மா கேட்டார். இன்னொருவர், பிரபஞ்சத்துக்கு ஓரம் உண்டா என்றார். நீலச் சேலை கட்டிய ஒருத்தி, “கருந்துளைக்குள் காலம் நின்றுவிடுமா?” என்று கணீரென்று கேட்டாள். எனக்கு உடம்பு சிலிர்த்தது ஜெனி. பக்கத்தில் நின்ற வேதியியல் நஜ்மா, “நம்ம கிளாஸ்ல ஒருத்தி இப்டி கேட்டிருப்பாளா?” என்றாள்.

ஒன்று மட்டும் விசித்திரம். கருந்துளைக்காரி பதிலுக்கு நிற்கவில்லை. கேட்டுவிட்டு நேராக டீ கொடுக்கும் இடத்துக்குப் போய்விட்டாள். அவசரமோ என்னவோ.

பதிவுகளையெல்லாம் உங்கள் ஆட்கள் அனுப்பிவிட்டார்கள். சந்தோஷமாக இரு.

அன்புடன்,
ஃபெபி அண்ணி


ஹாம்பர்க்
27 ஜனவரி 2026

அண்ணி,

நீளமாக எழுத உட்கார முடியவில்லை. குழுத் தலைவர் உங்கள் பதிவுகளை மொழிபெயர்ப்போடு கேட்டார். கருந்துளை கேள்வியை இரண்டு முறை ஓட்டச் சொன்னார். “நாம் இத்தனை காலம் ஜனங்களைக் குறைத்து மதிப்பிட்டிருக்கிறோம்” என்றார். கூட்டம் இன்னும் நடக்கவில்லை, ஆனால் எல்லோரும் என்னிடம் ‘எப்போது கிளம்புகிறாய்’ என்றுதான் கேட்கிறார்கள்.

வீட்டுக்காரரிடம் அறையைக் காலி செய்யப் போவதாகச் சொல்லிவிட்டேன். நாற்காலி, அலமாரி எல்லாவற்றையும் யாருக்குக் கொடுப்பது என்று யோசிக்கிறேன்.

அண்ணி, நான் வர்றேன்.

ஜெனி


தஞ்சாவூர்
15 பிப்ரவரி 2026

அன்பு ஜெனிக்கு,

இந்தக் கடிதத்தை எழுத வேண்டாம் என்றார் உன் அண்ணன். நீ இதை உட்கார்ந்து படி.

உன் கடிதம் வந்த வாரம் துறையில் எல்லோருக்கும் இனிப்புக் கொடுத்தேன். இராஜாங்கம் சார் ஒன்று எடுத்துக்கொண்டு சொன்னார்: “நம்ம புள்ளைங்க ரெண்டு நாளா உக்காந்து எழுதினதும்மா. ஒவ்வொரு கேள்வியும் முத்து முத்தா.” எனக்கு விளங்கவில்லை. “என்ன சார் எழுதினாங்க?” என்றேன். வேனில் வந்த ஒவ்வொருவருக்கும் ஒரு சீட்டு கொடுத்து, வழியிலேயே மனப்பாடம் செய்ய வைத்திருக்கிறார்கள். அவர் அதை மறைக்கவும் இல்லை. தப்பு என்றும் நினைக்கவில்லை. “வெளிநாட்டுக்காரன் இவ்ளோ செலவு பண்ணி ஒரு மிஷின அனுப்புறான். அதுகிட்டப் போயி நம்ம ஜனங்க வாயடைச்சு நின்னா நமக்குத்தானே அசிங்கம்? வந்த விருந்தாளி பட்டினியா போகக் கூடாதும்மா” என்றார்.

எனக்குக் கோபப்படவும் தெரியவில்லை. இன்ஸ்பெக்‌ஷன் என்றால் பிள்ளைகளுக்கு விடை சொல்லி வைப்பது இங்கே ஊறிப்போனது. இந்த முறை விடையை இயந்திரம் வைத்திருந்தது. அதனால் கேள்வியைச் சொல்லி வைத்திருக்கிறார்கள்.

சரி, சீட்டு இல்லாமல் ஒரு தடவை பார்ப்போம் என்று நினைத்தேன். இப்போது அறுவடை. நம் வயல் பக்கத்து அரசு நெல் கொள்முதல் நிலையத்தில் ஜனங்கள் நெல்லைக் குவித்துவிட்டு முறை வருகிறவரை நாள்கணக்கில் காத்திருக்கிறார்கள். கூடாரத்தை அந்தக் களத்தின் ஓரத்தில் எழுப்பச் சொன்னேன். விளக்கு இல்லை, பேச்சு இல்லை. ‘என்ன வேண்டுமானாலும் கேளுங்கள்’ என்று ஒரு அட்டை மட்டும்.

முதலில் உள்ளே போனவர் சிங்காரவேலு என்ற குத்தகை விவசாயி. வெளியே வந்து எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, “நல்லா பேசுதுப்பா. என் நெல்ல எப்ப எடுப்பாங்கன்னு கேட்டேன். அது மட்டும் தெரியாதாம். அப்ப அதுவும் நம்மள மாதிரிதான், காத்துக்கிட்டு கெடக்குது” என்றார். களமே சிரித்தது.

அடுத்து பிரகதாம்பாள் என்று ஒரு அம்மா. என் வயசுதான் இருக்கும். அவர் ஒரு கேள்வியோடுதான் போனார். ஈரப்பதம் பதினேழு சதவீதத்துக்கு மேல் இருந்தால் நெல்லை எடுக்க மாட்டார்கள் என்பது உனக்குத் தெரியும். “நேத்து சாயங்காலம் அளந்தப்ப பதினாறரை. இன்னிக்குக் காலைல பத்தொன்பதுங்கிறாங்க. ராத்திரியோட ராத்திரியா என் நெல்லு தண்ணி குடிச்சுச்சா?” என்று கேட்டார். வாசலில் நின்ற எனக்கும் கேட்டது, இயந்திரம் தப்பே இல்லாமல் பதில் சொன்னது. நெல் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும், பனிக்காலத்து இரவில் அது கூடும் என்றெல்லாம். நான் வகுப்பில் சொன்னாலும் அப்படித்தான் சொல்லியிருப்பேன். அவர் முழுக்க நின்று கேட்டார். வெளியே வந்ததும், “பதில் சரியா இருந்துச்சாம்மா?” என்றேன்.

“சரியாத்தான் இருக்கும். ஆனா என் நெல்ல அது பாக்கலியேம்மா” என்றார்.

அதற்குப் பிறகு கூடாரத்துக்குள் யாரும் போகவில்லை. போகாதது எனக்குப் பெரிதில்லை. வெளியே நடந்ததுதான் பெரிது. நிலையத்தில் ஈரம் அளக்கிற மெஷின் தப்பு என்றார் ஒருவர். குவியலின் மேலே ஒரு ஈரம், வயிற்றில் ஒரு ஈரம், நீ எங்கே கை விட்டு எடுத்தாய் என்றார் இன்னொருவர். படுதாவை இறுக்கி மூடினால் வேர்க்கும் என்று ஒரு கட்சி, திறந்து வைத்தால் பனி இறங்கும் என்று ஒரு கட்சி. நானும் நஜ்மாவும் கேட்டுக்கொண்டே நின்றோம். அத்தனை வருஷ விழாவில் நான் தேடியது அங்கே சத்தமாக நடந்துகொண்டிருந்தது, உன் கூடாரத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு.

ஜெனி, உங்கள் குழு கேட்டு மகிழ்ந்த கேள்விகள் ஜனங்களுடையவை அல்ல. கல்லூரி தரப்பில் என் பெயர் இருப்பதால் அறிக்கையில் இதை எழுதித்தான் அனுப்ப வேண்டும். ஆனால் உனக்குத் தெரியாமல் அனுப்ப மாட்டேன். முதலில் உன்னிடம் சொல்கிறேன். இதனால் என்ன போகும் என்று எனக்குத் தெரியும். பச்சை அடித்த அறையின் கதவைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

உன் அண்ணன் நேற்றிலிருந்து என்னோடு பேசவில்லை. “ஒரு கருந்துளைக்காக என் தங்கச்சிய அங்கேயே நிறுத்திடாத” என்றதுதான் கடைசியாகப் பேசியது.

அன்புடன்,
ஃபெபி அண்ணி


ஹாம்பர்க்
17 பிப்ரவரி 2026

அண்ணி,

கிடைத்தது.

நீங்கள் எழுதியிருப்பதில் ஒன்றும் தப்பில்லை. அதுதான் எனக்குக் கோபம். தப்பு இருந்தால் சண்டை போட்டிருப்பேன்.

உங்களால் சும்மா இருந்திருக்க முடியும். இராஜாங்கம் சார் சொன்னதைக் கேட்டுச் சிரித்துவிட்டு ஒரு லட்டு கூடக் கொடுத்திருக்கலாம். நான் வந்த பிறகு எல்லாவற்றையும் சரிசெய்திருப்போம். உலகத்தில் எந்தத் திட்டம் சுத்தமான கணக்கோடு தொடங்குகிறது? நீங்கள் எப்போதும் இப்படித்தான். பரீட்சைத் தாளில் அரை மதிப்பெண்ணுக்கு ஒரு பெண்ணை நிறுத்தி வைத்து விளக்கம் சொல்வீர்கள் என்று அண்ணன் சொல்வார். அந்த அரை மதிப்பெண் இந்தத் தடவை நான்.

நீங்கள் கேட்காததையும் சொல்லிவிடுகிறேன். ஆமாம், எனக்கு வீட்டுக்கு வர வேண்டும். விழாவுக்காக இல்லை. விழா ஒரு சாக்கு.

கூட்டம் 27-ஆம் தேதி. என்ன செய்வேன் என்று எனக்குத் தெரியாது. அறிக்கையை நீங்கள் அனுப்பிக்கொள்ளுங்கள். கொஞ்ச நாள் எழுத வேண்டாம்.

ஜெனிட்டா


தஞ்சாவூர்
1 மார்ச் 2026

அன்பு ஜெனிக்கு,

எழுத வேண்டாம் என்றாய். கூட்டம் முடிகிற வரைக்கும் பொறுத்தேன். என்ன ஆனது என்று கேட்கவில்லை. மன்னிப்பும் கேட்கவில்லை, கேட்டால் அது பொய்யாகிவிடும். நீ ‘ஜெனிட்டா’ என்று முழுப் பெயரும் எழுதிக் கையெழுத்துப் போட்டது வலித்தது என்று மட்டும் சொல்லிக்கொள்கிறேன்.

களத்தில் பிறகு நடந்ததைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. வேறு யாரிடம் சொல்வேன்?

கூடாரத்தை மடித்துப் பெட்டியில் போட்டாயிற்று. மறுநாள் நஜ்மா, வேதியியல் கூடத்து உலர்த்தும் அடுப்பையும் தராசையும் ஒரு குட்டியானை வண்டியில் ஏற்றிக் களத்துக்குக் கொண்டுவந்துவிட்டாள். நெல்லை எடை போட்டு, அடுப்பில் காயவைத்து, மறுபடி எடை போட்டால் போன தண்ணீர் எவ்வளவு என்று தெரிந்துவிடும். யாரும் யாரையும் நம்ப வேண்டியதில்லை. அதற்கு மணிக்கணக்கில் நேரமாகும். அங்கே எல்லோரிடமும் நேரம்தான் இருந்தது. நிலையத்து ஊழியர்கள் ஆட்சேபிப்பார்கள் என்று பயந்தேன். அவர்கள் வராந்தாவில் இடம் கொடுத்து மின்சாரமும் கொடுத்தார்கள். “எங்க மெஷின யாராச்சும் சோதிச்சுப் பாத்தா எங்களுக்குத்தான் நிம்மதி மேடம். தெனம் திட்டு வாங்குறது நாங்கதானே” என்றார் ஒருவர்.

மெஷின் தப்பில்லை என்று வந்தது. பிரகதாம்பாள் கொஞ்சம் ஏமாந்துதான் போனார். ஆனால் அவருடைய அதே குவியலில் மேலே எடுத்த கைப்பிடிக்கும் வயிற்றில் எடுத்த கைப்பிடிக்கும் நல்ல வித்தியாசம் இருந்தது. சாயங்காலம் மேலே எடுத்திருக்கிறார்கள், காலையில் உள்ளே. அவர் தராசையே பார்த்துக்கொண்டிருந்தார். “அப்ப ராத்திரி அது தண்ணியே குடிக்கலியா?” என்றார். கொஞ்சம் குடித்திருக்கலாம், எவ்வளவு என்று தெரியாது என்றேன். “தெரியாதா? நீங்க காலேஜுல சொல்லித் தர்றவங்கதானே?” என்றார் சிங்காரவேலு. “தெரியாது. பாத்தாத்தான் தெரியும்” என்றேன். “அப்ப பாப்போம்” என்றார் பிரகதாம்பாள். அவ்வளவு சாதாரணமாக.

அன்று சாயங்காலம் ஒரே நெல்லைச் சின்னச் சின்னக் குவியலாகப் பிரித்தார்கள். ஒன்று இறுக்கி மூடிய படுதாவுக்குள், ஒன்று சாக்குக்குள், ஒன்று திறந்தபடி, ஒன்று நடுவில் ஒரு கழியை நட்டுக் கூரை மாதிரி தூக்கிக் கட்டியது. காலையில் எதில் ஈரம் குறைவோ அது ஜெயிக்கும் என்று பந்தயம். தோற்றவர் டீ வாங்க வேண்டும். காலையில் நான் போய்ச் சேருவதற்குள் எல்லோரும் அடுப்பைச் சுற்றி நின்றார்கள். சாக்கு ஜெயித்தது. மறுநாள் மறுபடி வைத்துப் பார்த்தார்கள். அப்போது தூக்கிக் கட்டியது ஜெயித்தது. ஏன் மாறியது என்று எனக்கு ஊகம் இருக்கிறது, பதில் இல்லை. காற்று அன்று எந்தப் பக்கம் அடித்தது என்று ஒரு சண்டை நடந்தது பார், அப்படி ஒரு கருத்தரங்கை நான் பார்த்ததில்லை. “ஒனக்குக் காத்து எங்கேருந்து அடிச்சாலும் வாயிலதான் அடிக்கும்” என்று பிரகதாம்பாள் சிங்காரவேலுவைச் சொன்னார்.

ஜெனி, இதைக் கேள். பிரகதாம்பாள் நெல்லைக் கிளறிக் காயவைத்தார், எடுத்துவிட்டார்கள். மூட்டை ஏறி லாரியும் போய்விட்டது. அவருக்கு அங்கே இனி வேலை இல்லை. மறுநாள் காலை பேருந்து பிடித்து வந்து நிற்கிறார். “இன்னிக்கு என்ன வந்துச்சு?” என்று கேட்கிறார்.

விழா முடிந்த பிறகு என்ன மிஞ்சியது என்று எழுத உங்களிடம் கட்டம் இல்லை என்று எழுதியிருந்தாய். அந்தக் கட்டத்தில் எழுத எனக்கு ஒன்று கிடைத்திருக்கிறது. இனி விழா இப்படித்தான் ஆகும் என்று தோன்றுகிறது. மூன்று நாள் பந்தலாக இல்லாமல், ஜனங்கள் எங்கே ஏற்கெனவே காத்துக்கொண்டு, சந்தேகப்பட்டுக்கொண்டு, சண்டை போட்டுக்கொண்டு இருக்கிறார்களோ அங்கே அளக்கிற கருவியோடு போய் உட்காருவது. நமக்குத் தெரிந்ததைச் சொல்வதற்காக அல்லாமல் கூட நின்று பார்ப்பதற்காக. நாகப்பட்டினத்தில் படகுத்துறையில் வேறு கேள்வி இருக்கும். கோடியக்கரை உப்பளத்தில் வேறு.

இராஜாங்கம் சாரும் ஒரு நாள் வந்தார். வெளியே பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தார். “யாருக்கும்மா சீட்டு எழுதிக் குடுத்தீங்க?” என்றார் என்னிடம். கிண்டலா வருத்தமா என்று முகத்தில் தெரியவில்லை. பிறகு எழுந்து போய்த் தராசுப் பக்கத்தில் நின்று எடைகளைச் சத்தமாக வாசிக்க ஆரம்பித்தார்.

உன் அண்ணன் பேச ஆரம்பித்துவிட்டார். சாம்பாரில் உப்பு இல்லை என்பது முதல் வார்த்தை.

நீ எந்த நாட்டில் இருந்தாலும் உன் அண்ணி நான்தான். அதை எந்தக் குழுவும் முடிவு செய்ய முடியாது.

ஃபெபி அண்ணி


ஹாம்பர்க்
16 மார்ச் 2026

அன்புள்ள அண்ணி,

இத்தனை நாள் எழுதாததற்குக் கோபம் பாதிக் காரணம். மீதி, சொல்வதற்கு ஒரு முடிவு வேண்டும் என்று காத்திருந்தேன்.

கூட்டத்துக்குப் போகிற வரை எனக்கு முடிவு இல்லை. உங்கள் அறிக்கை அவர்கள் முன்னால் இருந்தது, யாரும் இன்னும் படித்திருக்கவில்லை. இங்கே கடைசி நிமிஷம்தான் எல்லாம் படிப்பார்கள். நான் பேசி ஒப்பேற்றியிருக்கலாம். அதற்கு வேண்டிய ஆங்கிலமும் ஜெர்மனும் என்னிடம் இருக்கிறது. பேச எழுந்தபோது, அந்த அம்மா சொன்ன வாக்கியத்தைத் தமிழிலேயே சொல்லிவிட்டேன். என் நெல்லை அது பார்க்கவில்லையே. யாருக்கும் புரியவில்லை. மொழிபெயர்த்தேன். ஏன் அப்படிச் சொன்னார் என்று விளக்கினேன். சீட்டுகளைப் பற்றிச் சொன்னேன். கருந்துளையைப் பற்றியும் சொன்னேன். தலைவர் முகம் சுருங்கிவிட்டது. பாவம், அவர் நிஜமாகவே சந்தோஷப்பட்டிருந்தார்.

“அப்படியானால் அங்கே என்ன கட்ட வேண்டும் என்கிறாய்?” என்று கேட்டார். எதையும் கட்ட வேண்டாம் என்றேன். அந்த மேசையில் யாரும் இதுவரை அப்படிச் சொன்னதில்லை போல, என்னை வெளியே காத்திருக்கச் சொன்னார்கள்.

கூடாரத் திட்டம் நின்றுவிட்டது அண்ணி. இரண்டு வருஷம், இவர்கள் தருவதாக இருந்த வீடு, வண்டி, எல்லாம் போயிற்று. ஒரு மணி நேரம் கழித்து என்னை மறுபடி கூப்பிட்டார்கள். ஒரு பருவத்துக்கு மட்டும் பணம் தர முடியும், கூடாரம் இல்லாமல், என் சம்பளம் இப்போது வாங்குவதில் பாதிகூட இல்லை, அதற்குப் பிறகு எந்த உறுதியும் இல்லை என்றார்கள். ஐந்து வருஷ ஒப்பந்தமும் அதே மேசையில் இருந்தது. இரண்டையும் பக்கத்தில் வைத்துவிட்டு வெளியே போய் ஒரு சுற்று நடந்தேன். மழை பெய்துகொண்டிருந்தது. சாக்கு இல்லாமல் ஒருத்தி வீட்டுக்குப் போகலாமா என்று யோசித்தேன். போகலாம் என்றுதான் தோன்றியது.

அந்த ஒரு பருவமே போதும் என்றேன், ஒரு நிபந்தனையும் போட்டேன். இங்கிருந்து எந்த விஞ்ஞானி அங்கே வந்தாலும் உரையாற்றிவிட்டுப் போக முடியாது. களத்துக்கு ஒரு குவியல் வந்ததிலிருந்து அது விற்றுப் போகிறவரை அதன் பக்கத்தில் இருக்க வேண்டும். எத்தனை நாள் ஆகும் என்று கேட்டார்கள். அது நெல்லுக்குத்தான் தெரியும் என்றேன். இரண்டு பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள். ஒரு பெண் மண்ணைப் படிக்கிறவள். மற்றவர் இரவில் இறங்கும் பனித்துளியை, காற்றின் ஈரத்தைப் படிக்கிறவர். ஒரே களத்தில் எதிரெதிர் முடிவு வந்தது என்று நீங்கள் எழுதியதை அவருக்குக் காட்டினேன். அன்றிலிருந்து தினம் ஒரு கேள்வியோடு என் மேசைக்கு வருகிறார். படுதா என்ன துணி, எந்த நிறம், தரை சிமென்ட்டா மண்ணா. எனக்குத் தெரியாது, நாம் போய்ப் பார்த்தால்தான் தெரியும் என்கிறேன். குறுவை அறுவடைக்குள் வந்துவிடுவார்கள். அதற்குள் பிரகதாம்பாளையும் சிங்காரவேலுவையும் சந்தித்து, அடுத்து எதைப் பார்க்கலாம் என்று அவர்களைக் கேட்டு வைக்க வேண்டும். விழாவுக்கு என்ன பெயர் என்று இங்கே கேட்டார்கள். அதையும் அவர்களிடமே கேட்கிறேன் என்றேன்.

அண்ணி, நான் இன்னும் உங்கள் மேல் கோபமாகத்தான் இருக்கிறேன். நீங்கள் செய்தது சரி என்பதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. எழுத்தில் அது தீராது.

ஏப்ரல் 19 காலை திருச்சியில் இறங்குகிறேன். விமான நிலையத்துக்கு நீங்கள் மட்டும் வாருங்கள். அண்ணனை வீட்டில் சமைக்கச் சொல்லுங்கள். அவர் வந்தால் கட்டிப்பிடித்து அழுது எல்லாவற்றையும் சுமுகமாக்கிவிடுவார். எனக்குத் தஞ்சாவூர் வந்து சேருகிற வரை உங்களோடு சண்டை போட வேண்டும்.

உங்கள்
ஜெனி